மூன்றாவது பீரியட் வந்தால் வயிற்றுவலி

கேள்வி: டீச்சர், என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பிறவியிலேயே காது மந்தம். இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறாள். சாதாரணப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடுதான் படிப்பு. செவ்வாயும் வியாழனும் சிறப்பாசிரியர் வந்து, மூன்றாவது பீரியடில் தனியாக அழைத்துப்போய்ப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார். நல்ல டீச்சர்தான். ஆனால் இந்த வருஷம், "நான் என்ன லூசா? என்னை மட்டும் ஏன் கூட்டிட்டுப் போறாங்க?" என்று ஒரே அழுகை. அந்த இரண்டு நாளும் காலையில் வயிற்றுவலி வந்துவிடுகிறது. போன வாரம் மெஷினைக் கழற்றி ஜியோமெட்ரி பாக்ஸில் போட்டுவிட்டாள். பயிற்சியை நிறுத்திவிடலாமா, இல்லை அதட்டி அனுப்பலாமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் தாய், துறையூர்

பதில்: இரண்டும் வேண்டாம்.

26 வருஷம் நானும் அந்த 'நல்ல டீச்சர்'தான். வகுப்பு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், நாற்பது தலையும் திரும்பும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை ஒரு வருஷம் முழுக்க பி.டி. பீரியடில்தான் கூப்பிட்டேன். கணக்கு டீச்சரிடம் கேட்டால் முகம் சுருங்கும், பி.டி. சார் மட்டும் "தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்பார். எனக்கு வசதியாக இருந்தது. ஒரு நாள் ஆளைக் காணோம். தேடிப் போனால் கழிவறைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான். "கபடியில சேத்துக்க மாட்டேங்கிறாங்க டீச்சர். நீ பாதியில போயிடுவடாங்கிறாங்க." நான் 'ழ' சொல்லிக்கொடுத்த நேரத்தில் அவனுக்குக் கூட்டாளிகளே இல்லாமல் போயிருந்தார்கள். வெட்கமாகப் போய்விட்டது.

உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மூன்றாவது பீரியட் என்ன பாடம்? இன்றைக்கே டைம்டேபிளை எடுத்துவைத்து அவளிடம் கேளுங்கள். சமையல் செய்துகொண்டே முதுகைக் காட்டிக் கேட்காதீர்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி எதிரே உட்காருங்கள். எந்த வகுப்பை விட்டுப் போவது கஷ்டம், எது போனால் பரவாயில்லை, திரும்பி வரும்போது என்ன நடக்கிறது? போர்டு அழிந்துபோயிருக்கலாம், பக்கத்து இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம். 'லூசு' என்ற வார்த்தையும் அவளுக்குத் தானாக வந்திருக்காது, யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. "எல்லார் முன்னாடியும் எழுந்து போறது கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் அவளே பேசுவாள்.

பயிற்சியை ஏன் நிறுத்தக் கூடாது என்கிறேன்? கண்ணாடி முன்னால் நின்று, குரல் வராமல் 'பாலை' என்றும் 'மாலை' என்றும் சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். அந்த வித்தியாசத்தைக் காதுதான் பிடிக்க வேண்டும். ஃபேன் சத்தமும் பிள்ளைகள் சத்தமுமாக இருக்கிற வகுப்பில் அதைப் பழக்க முடியாது, அமைதியான அறை வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் அந்த அறை தேவையில்லை. நாளைக்கு அறிவியலில் 'ஒளிச்சேர்க்கை' வரப்போகிறது என்றால் அந்தச் சொல்லை இன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடலாம். வகுப்பில் அது காதில் விழும்போது தெரிந்த சொல்லாக இருக்கும். சில நாள் சிறப்பாசிரியர் வகுப்புக்குள்ளேயே அவள் பக்கத்தில் உட்காரலாம். போர்டைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தும் ஆசிரியரிடம், திரும்பி நின்று பேசுங்கள் என்றும் அவரே சொல்லலாம். என்னைக் கேட்டால், பாதி வேலை வகுப்பு ஆசிரியருடையது. பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டால் அது தன் பொறுப்பில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

தலைமையாசிரியர், வகுப்பு ஆசிரியர், சிறப்பாசிரியர் மூவரையும் ஒன்றாகப் பாருங்கள். மகளும் கூட இருக்கட்டும். சிறப்பாசிரியருக்குப் பல பள்ளிகள் இருக்கும், கிழமையை மாற்றச் சொன்னால் அவருக்கு முடியாமல் போகலாம். பீரியடை மாற்றிக் கேளுங்கள். ஒரே பாடம் வாராவாரம் போகாமல், இந்த வாரம் மூன்றாவது, அடுத்த வாரம் ஐந்தாவது என்று சுழற்றலாம். பி.டி.யை மட்டும் தொடவே வேண்டாம். வாசலில் நின்று பெயர் கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், மணி பார்த்து அவளே எழுந்து போகட்டும். விட்டுப்போன நோட்ஸை யார் தருவது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். இன்னொன்று, எந்தெந்த ஒலி பிடிபட்டால் இந்தத் தனி வகுப்பு குறையும் என்று சிறப்பாசிரியரை அவளிடமே சொல்லச் சொல்லுங்கள். முடிவு தெரியாமல் போய்க்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் சலிக்காது?

"ரூல் அப்படித்தான்மா" என்று பதில் வந்தால் சண்டை வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்று ஒன்று இருக்கிறது. 16-ஆம் பிரிவு மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதைப் பற்றியது. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது 4-ஆம் பிரிவு. மெதுவாகச் சொல்லிவையுங்கள், போதும்.

சரி, ஜியோமெட்ரி பாக்ஸுக்கு வருவோம். அதைக் கோபம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். காதில் வைக்கும் மோல்டு, அதாவது காதுக்கு அளவெடுத்துச் செய்யும் அச்சு, எப்போது எடுத்தது? வளர்கிற பிள்ளைக்குக் காதும் வளரும், பழைய மோல்டு லூசாகிவிடும். அப்போது மெஷின் 'கீ…ய்' என்று விசிலடிக்கும். அமைதியான வகுப்பில் ஒரு தடவை விசிலடித்தால் போதும், பிள்ளைகள் சிரிப்பார்கள், இவள் கழற்றிவிடுவாள். காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டிடம் காட்டிப் புது மோல்டு எடுங்கள். கலரிலும் கிடைக்கிறது, கலரை அவளே சொல்லட்டும். என் மாணவி ஒருத்தி சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாள். அதுவரை காதை முடியால் மூடிக்கொண்டே வந்தவள், மறுநாள் உச்சிக்கொண்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.