அப்பாவின் ஃபைலை அழித்துவிட்டார்களாம், இனி டிசெபிலிட்டி பென்ஷன் கேட்க முடியுமா?

கேள்வி: என் அப்பா 1984-ல் ராணுவத்தில் சேர்ந்தார். 1991-ல் மலைப் பகுதியில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. மறு வருடம் மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ‘பணிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை’ என்று பென்ஷனும் தரவில்லை. வீட்டில் இருந்த காகிதங்கள் 2015 வெள்ளத்தில் போய்விட்டன. பாட்டி வீட்டில் இருந்த டிஸ்சார்ஜ் புக் மட்டும்தான் மிச்சம். ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதினால், 25 ஆண்டு முடிந்ததால் ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. அப்பா ‘விட்டுடும்மா’ என்கிறார். வழி ஏதும் உண்டா?
- ஒரு வாசகி, முடிச்சூர்

பதில்: அன்புள்ள சகோதரி, வழி உண்டு. முதலில் அந்தப் பதில் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஆவணம் தங்களிடம் இருந்தது, தாங்களே அழித்தோம் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு வழக்கு என்று போனால், ‘மெடிக்கல் போர்டு காகிதத்தை ஏன் கொண்டுவரவில்லை’ என்ற கேள்விக்கு உங்கள் பதில் அந்தக் கடிதம்தான்.

பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் சர்வீஸ் ஃபைலை 25 ஆண்டு வைத்திருந்து பிறகு அழிக்க ராணுவ ஒழுங்குவிதிகளின் 595-வது பாரா இடம் தருகிறது. அப்பாவுக்கு அந்தக் கெடு 2017-ல் முடிந்துவிட்டது. ஆனால் ‘லாங் ரோல்’ என்ற பேரேட்டை அழிப்பதில்லை. சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி போன்ற அடிப்படை விவரங்கள் அதில் இருக்கும். ‘ஆவணங்கள் அழிக்கப்பட்டன’ என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை, நாமாகத்தான் கேட்க வேண்டும்.

எனவே இன்னொரு கருணை மனு வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில், அப்பா பெயரில், அப்பா கையெழுத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். லாங் ரோலில் அவருக்குரிய பக்கத்தின் சான்றளித்த நகல், மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் நகல், அது இல்லையென்றால் எந்தத் தேதியில் யார் உத்தரவில் அழிக்கப்பட்டது என்ற பதிவின் நகல், இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பினாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

அப்புறம், அந்த டிஸ்சார்ஜ் புக். அதில் வெளியேற்றத்துக்கான காரணம் என்ற இடத்தைப் பாருங்கள். ‘இனி பணிக்கு மருத்துவ ரீதியாகத் தகுதியற்றவர்’ என்ற பொருளில், ராணுவ விதி 13(3)-ஐக் குறிப்பிட்டு எழுதியிருந்தால், உங்கள் கையில் பாதி வழக்கு இருக்கிறது. எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். யார் கேட்டாலும் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

ஒரே சம்பவத்தின் தடயம் ராணுவத்தில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அடிபட்டபோது யூனிட்டில் ‘இஞ்சுரி ரிப்போர்ட்’ எழுதியிருக்க வேண்டும். சிகிச்சை பெற்ற ராணுவ மருத்துவமனையில் அட்மிஷன் பதிவு இருந்திருக்கும். பென்ஷனை மறுத்த ஃபைல் பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகம் வரை போயிருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம் போடுங்கள். பலரும் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு: ராணுவக் குழுக் காப்பீட்டு நிதி. மெடிக்கல் போர்டில் வெளியேறியவர்களுக்கு அது ஊனத் தொகை தருகிறது, ஊன சதவீதத்தை வைத்துத்தான் அந்தத் தொகையைக் கணக்கிடுவார்கள். 1992 வாக்கில் அப்படி ஏதும் பணம் வந்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள். வந்திருந்தால் தொலைந்த சதவீதம் அங்கே அகப்படலாம்.

கூட இருந்தவர்களையும் தேடுங்கள். அந்த லாரிப் பக்கம் நின்ற யாராவது ஒருவர் இன்று திருச்சியிலோ கோட்டயத்திலோ இருப்பார். அவரிடம் சர்வீஸ் எண், ரேங்க், எந்த யூனிட்டில் எந்தக் காலத்தில் இருந்தார் என்ற விவரங்களோடு நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். 1992-க்குப் பின் ஊரில் முதுகுக்குப் பார்த்த பழைய மருந்துச் சீட்டு இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

இனி சட்டம். இணையத்தில் ராணுவ ஊன பென்ஷனுக்கான 2023-ன் புதிய விதிகளைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். அவை 21.9.2023 முதல் வெளியேறுகிறவர்களுக்கு. அப்பாவுக்குப் பொருந்துவது 1982 விதிகள். ஊனம் பணியால் வந்தது என்று கோருகிறவர் நிரூபிக்கத் தேவையில்லை, நியாயமான சந்தேகத்தின் பலன் அவருக்கே என்று அதன் 9-வது விதி சொல்கிறது. தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இதை ஆணித்தரமாகச் சொன்னது: சேரும்போது ஒருவருக்கு நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் அவர் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார், மாறாகச் சொல்வதானால் ராணுவம்தான் நிரூபிக்க வேண்டும். தரம்வீர் சிங்கும் சுமார் 9 ஆண்டு சேவைக்குப் பின் 1994-ல் அனுப்பப்பட்ட சிப்பாய்தான். 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில், ஊனத்தால் பணியிலிருந்து வெளியேற்றப்பட்டாலே அது 20 சதவீதத்துக்கு மேல் என்று கொள்ள வேண்டும் என்றது. சதவீதம் எழுதிய காகிதமே இல்லாத உங்களுக்கு இந்தத் தீர்ப்பு மிக முக்கியம்.

இத்தனை வருடம் கழித்தா என்று கேட்பார்கள். தர்சேம் சிங் வழக்கில் (2008), பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் தாமதத்தை மட்டும் காட்டித் தள்ள வேண்டியதில்லை, ஆனால் நிலுவை வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டும் என்று தீர்ப்பானது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவை கைவிட்டுப் போகிறது. தகவல் உரிமைப் பதில்கள் வந்ததும் சென்னையிலுள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். புதிதாக மெடிக்கல் போர்டு வைத்து அப்பாவைப் பரிசோதிக்கச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். காகிதம் இல்லாமல் தோற்றவர்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் மற்ற தடயங்களைத் தேடச் சொல்கிறேன்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம். மாற்றுத் திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் போய் நில்லுங்கள். நிலுவையில் இத்தனை சதவீதம் கொடு என்று வரும் ஏஜென்டுகளிடம் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அப்பா ‘விட்டுடு’ என்பது எனக்குப் புரிகிறது. ‘உன் முதுகு வலிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை’ என்று முப்பது வயதுக்குள் கேட்ட மனிதர் அதை மறுபடி கேட்க விரும்பமாட்டார். வற்புறுத்தாமல், ஒரு சாயங்காலம் யூனிட் பெயர், இடம், மாதம், கூட இருந்தவர்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து மட்டும் கேளுங்கள், அலைவதை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

கூடவே, அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ராணுவப் பதிவில் சரியாக இருக்கிறதா என்றும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். அப்பாவுக்குப் பென்ஷன் கிடைத்துவிட்டால், பின்னாளில் அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வர அந்தப் பதிவு வேண்டும்.