மகளுக்காக வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. பெருமூளை வாதத்தால் நடக்க முடியாது, வீல்சேர்தான். படிப்பில் கெட்டி. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சாதாரணப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் வாசலில் சாய்தளம் கட்டும் செலவு எங்களுடையது, பகல் முழுக்க நானும் அங்கேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். வேலையை விட்டு, சேமிப்பையும் எடுத்துவிடலாமா?

பதில்: இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள், அம்மா.

முதலில் சாய்தளம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பொதுவான கணக்கு. 15 செ.மீ. படி இரண்டு இருந்தால் 3.6 மீட்டர் நீளம் போதும். கட்டடம் கட்டியவர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. ஐ.நா. 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவும் தேவையான நியாயமான வசதியைச் செய்து தரச் சொல்கிறது. பெரும்பாலான நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. அதனால் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்து, பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குக் கிடைக்காத பதில் கடிதத்துக்குக் கிடைக்கும்.

அப்புறம், உங்களை எதற்காக இருக்கச் சொல்கிறார்கள்? கழிப்பறைக்கா, சாப்பாட்டுக்கா, மாடி வகுப்புக்கா? ஒரு நாள் அளவு நாடாவோடு போய் கழிப்பறைக் கதவை அளந்து, வீல்சேரின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவளுடைய வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை காசில்லாமலே தீரும். மீதிக்கு, இரண்டு வேளை வந்து போகும் உதவியாளர் போதலாம். அவருக்குத் தரும் சம்பளத்தை உங்கள் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். வேலையை விட்டால் பதவி உயர்வு, ஓய்வுக்கால நிதி, பத்து வருடம் கழித்து மறுபடி வேலை கிடைக்கும் வாய்ப்பு எல்லாமே போகும். என்னிடம் வரும் குடும்பங்களில் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். விடுவதும் எப்போதும் அம்மாதான்!

சேமிப்புக்கு வேறு வேலை இருக்கிறது. காலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கருவி), வீல்சேர் எல்லாம் குழந்தை வளர வளரச் சின்னதாகிவிடும். உயரம் கூடினால் உட்காரும் ஆழமும் கால்தாங்கியும் பொருந்தாமல் போய் முதுகு வளையும். ஆகவே ஒரே தடவை வாங்குகிற பொருளாக நினைக்காமல், மாதாமாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். மிக விலையுயர்ந்த வீல்சேரைவிட, அளவை மாற்றிக்கொள்ள முடிகிற வீல்சேரே இந்த வயதுக்கு லாபம்.

காப்பீட்டை மகள் பெயரில் எடுப்பதைவிட, சம்பாதிக்கும் உங்கள் இருவர் பெயரிலும் டேர்ம் பாலிசியாக, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடாக எடுங்கள். பணம் நேரே குழந்தை கைக்குப் போகாமல், அவளுக்காக நிர்வகிக்கும் அறக்கட்டளைக்கோ பாதுகாவலருக்கோ போகும்படி வக்கீலிடம் எழுதி வாங்குங்கள். சில நாடுகளில் குழந்தை பெயரில் பெரிய தொகை இருந்தால் அரசு உதவி நின்றுவிடும். அதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

பள்ளியின் பதில் எழுத்தில் வந்ததும், உங்கள் மாத வரவு செலவோடு எனக்கு அனுப்புங்கள்.