ஐம்பதில் நடு, நூறில் ஒரு சாண் கீழே: வாசகர் கேள்வி-பதில்

போன முறை மிக்ஸி வாரண்டி பற்றி ஒரு பக்கம் எழுதினேன். ஓரமாக ரைபிள் ஸ்கோப் (துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கி) பற்றி ஒரே ஒரு வரி. மிக்ஸியை யாரும் கண்டுகொள்ளவில்லை, ஸ்கோப்புக்குத்தான் கடிதம் குவிந்துவிட்டது. சுருக்கிப் போடுகிறேன்.

லைசென்ஸ் கிடைத்து, பாயின்ட் டூ டூ (.22 அங்குலக் குழல்) ரைபிளும் ஸ்கோப்பும் வாங்கினேன். சுடும் ரேஞ்சில் 50 மீட்டரில் வைத்து ஜீரோ செய்தோம் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருப்பி வைப்பது), நடுவில் விழுகிறது. அதே ரைபிள் 25 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மேலே, 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் கீழே, 100 மீட்டரில் ஒரு சாண் கீழே அடிக்கிறது. "பேரல் வளைஞ்சிருக்கு, சரிபண்ண 9,000 ஆகும்" என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?
*பாகூர் வாசகர்*

ஒரு பைசா கொடுக்காதீர்கள். ரைபிள் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

வாசலில் ஓஸ் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் பீய்ச்சியிருப்பீர்கள். தூரத்துச் செடிக்கு எட்ட முனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்போம், தண்ணீர் ஏறி வளைந்து விழும். தோட்டாவும் அப்படித்தான். ஸ்கோப்பின் நடு, குழலின் நடுவிலிருந்து ஏறக்குறைய 4 செ.மீ. மேலே இருக்கிறது. ஆகவே தோட்டா உங்கள் பார்வைக் கோட்டுக்குக் கீழேயிருந்து புறப்படுகிறது. 15, 16 மீட்டர் வாக்கில் கோட்டைத் தாண்டி மேலே போகிறது. 50-ல் இறங்கி வந்து மறுபடி கோட்டைத் தொடுகிறது. அதற்கப்புறம் இறக்கம்தான். நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும் சாதாரண 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) தோட்டா 100 மீட்டர் போய்ச் சேர நொடியில் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கும். அதற்குள் அரை மீட்டர் விழுந்திருக்கும். குழலைத் தூக்கி வைத்ததில் பாதிக்கு மேல் ஈடாகிவிடுகிறது. மிச்சம்தான் நீங்கள் பார்த்த அந்தச் சாண்.

"ஜீரோ பண்ணிய ரைபிள்" என்று மொட்டையாக ஒன்று கிடையாது. எத்தனை மீட்டருக்கு, எந்தத் தோட்டாவுக்கு என்று சேர்த்துச் சொன்னால்தான் அர்த்தம். போட்டி 50-ல் என்றால் ஜீரோவை 50-லேயே விட்டுவிட்டு, மற்ற தூரங்களில் ஐந்தைந்து சுட்டு, எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பேரல் வளைவு என்று சொன்னவரிடம் அதையே பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேனா எடுக்கமாட்டார்.

25 மீட்டரில் 3 செ.மீ. கீழே போகிறது. ஸ்கோப்பை நாலு கிளிக் திருப்பினேன், நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. போலி ஸ்கோப்பா? பெட்டியையும் உள்ளே இருந்த காகிதத்தையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.
*நெய்வேலி வாசகர்*

பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காகிதத்தைப் படிக்கப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லையா? டரட்டின், அதாவது ஸ்கோப்பில் நீங்கள் திருப்பிய திருகின், தலையைப் பாருங்கள், பெரும்பாலும் கால் எம்.ஓ.ஏ. என்று எழுதியிருக்கும். எம்.ஓ.ஏ. என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அப்படியென்றால் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர் சொச்சம், 50-ல் அதில் பாதி, 25-ல் கால்வாசி, அதாவது 2 மி.மீ.கூட இல்லை. நாலு கிளிக் திருப்பினால் 7 மி.மீ. நகரும். உங்களுக்கு வேண்டியது பதினாறு கிளிக். அதுவும் ஒற்றைத் துளையைப் பார்த்துவிட்டுத் திருப்பாதீர்கள். ஐந்து சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் டரட்டைத் துரத்துகிறவர் சாயங்காலம் வரை துரத்திக்கொண்டேதான் இருப்பார்.

பாயின்ட் டூ டூ ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?
*பண்ருட்டி*

பொய். குழல் .177 அங்குலத்துக்கு மேல் போனாலோ, சக்தி 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். கேஸ் வந்தால் கடைக்காரர் உங்களோடு வந்து நிற்கமாட்டார்.

என்.சி.சி.யில் நன்றாகச் சுடுகிறாள் என்று மகளை 10 மீட்டர் ஏர் ரைபிளில் சேர்த்தேன். "போட்டிக்கு இது கட்டாயம் வேணும் சார்" என்று 7,500 ரூபாய்க்கு ஒரு ஸ்கோப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். வைத்துப் பார்த்தால் டார்கெட் மங்கலாகத் தெரிகிறது. கோச் பார்த்ததும் கழற்றச் சொல்லிவிட்டார். வாங்கி இருபது நாள்தான் ஆகிறது. கடையில் பில்லைக் காட்டி, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்கிறார்கள். பிள்ளை முன்னால் அவமானமாகப் போய்விட்டது.
*செம்மண்டலம், கடலூர்*

உங்கள் தப்பு இதில் எதுவும் இல்லை, சார். தெரியாததால்தான் கடையில் கேட்டீர்கள். தெரிந்தவர் உங்களை ஏமாற்றினார்.

கோச் சொன்னது சரி. சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் (ஐ.எஸ்.எஸ்.எஃப்.) விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஸ்கோப்புக்கு இடமில்லை, சின்னத் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான். மங்கலுக்கும் காரணம் உண்டு. பெரிய ரைபிளுக்கான ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கஜத்துக்கு ஃபோகஸ் வைத்துத்தான் அனுப்புகிறார்கள், பாயின்ட் டூ டூ ஸ்கோப் என்றால் 50 கஜம். இரண்டுமே பத்து மீட்டருக்கு உதவாது.

இனி அந்த பில் வாசகம். இருபது வருஷமாக என் வயிற்றெரிச்சல் அது. பில் புக் அச்சடிக்கிற அச்சகத்தில் பிள்ளையார் சுழி மாதிரி அதைத் தானாகவே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கடைக்காரரும் அதைச் சட்டம் என்றே நம்புகிறார், நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தால் அது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. இன்ன வேலைக்கு ஆகும் என்று பொய் சொல்லி விற்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். உங்கள் வழக்குக்கு இந்த இரண்டாவதுதான் பலமானது.

இன்றைக்கே கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். என்ன சொல்லி விற்றார்கள், கோச் என்ன சொன்னார் என்று நாலு வரி, கூடவே பில் நகல். பதினைந்து நாள் பாருங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், அல்லது நேராக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

நானும் ஏமாந்தவன்தான். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கென்று புதுச்சேரியில் ஒரு கடையில் 1,800 ரூபாய்க்கு ஸ்கோப் வாங்கினேன். ஸ்பிரிங் ரைபிள் பின்னாலும் உதைக்கும், முன்னாலும் உதைக்கும், சாதாரண ஸ்கோப் அதைத் தாங்காது. அது எனக்கு மூன்றாம் வாரம்தான் தெரிந்தது. உள்ளே குறுக்குக் கம்பி கழன்று, கடிகார முள் பத்து மணி காட்டுவது போலச் சாய்ந்து நின்றது. நான் கடிதம் போடவில்லை. வெட்கம். நீங்கள் போடுங்கள்.

காலையில் 50 மீட்டரில் எல்லாம் நடுவில், பத்துப் புள்ளி வளையத்திலேயே விழுகிறது. மதியத்துக்கு மேல் எல்லாம் இடது பக்கம் போகிறது. ஸ்கோப்பை மாற்றலாமா?
*தேவனாம்பட்டினம்*

உங்கள் ரேஞ்ச் வடக்குப் பார்த்தது என்று நினைக்கிறேன். மதியம் கிளம்புகிற கடற்காற்று வலது காதில் அடிக்குமே? மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசினால் 50 மீட்டருக்குள் தோட்டாவை 2 செ.மீ. தள்ளிவிடும். பத்து வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். பத்து எட்டாகிவிடும். காற்றுக்கு ஸ்கோப் மாற்றுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். ஜீரோவைக் காலையில் காற்று எழும்பும் முன் வையுங்கள். மதியத்துக்கு ரேஞ்சில் ஒரு ரிப்பன் கட்டிப் பார்த்துப் பழகுங்கள்.

மலிவாகக் கிடைத்ததென்று நாலு விதமான தோட்டாப் பெட்டிகள் வாங்கினேன். அதில் ஒன்று ஹை வெலாசிட்டி. எல்லாம் நாலு இடத்தில் விழுகிறது.
*லாஸ்பேட்டை*

நாலு விதமாக வாங்கினால் நாலு இடத்தில்தானே விழும்? ஒரே கம்பெனியில் லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) மாறினாலே இடம் மாறும். வேகத் தோட்டா நல்ல தோட்டா என்பதும் கிடையாது. அது ஒலியை மிஞ்சிக் கிளம்பி, 100 மீட்டருக்குள்ளேயே ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறுகிறது. போட்டிக்காரர்கள் ஒலியை மிஞ்சாத ஸ்டாண்டர்ட் தோட்டாவில் நிற்பது அதனால்தான். ஒரு வகை, ஒரு லாட், இருக்கிற காசுக்கு எத்தனை பெட்டி வருமோ அத்தனை.

மணிலாவை (வேர்க்கடலை) மயில் கொத்துகிறது. பாயின்ட் டூ டூவை எத்தனை மீட்டருக்கு ஜீரோ வைக்கலாம்?
*குறிஞ்சிப்பாடி*

மயில் தேசியப் பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அடுத்த கடிதம்.

லேசர் தோட்டா என்று விற்கிறார்கள். ரைபிளில் தோட்டா போடும் இடத்தில் வைத்தால் சுவரில் சிவப்புப் புள்ளி விழுமாம், வீட்டிலேயே ஜீரோ முடிந்துவிடுமாம். 2,200 ரூபாய். வாங்கலாமா?
*வில்லியனூர்*

ஒளி நேராகப் போகும், தோட்டா வளைந்து விழும். முதல் குண்டு அட்டையிலாவது படும் என்பதற்கு மேல் அதில் பிரயோஜனம் இல்லை. மிச்சத்தை ரேஞ்சில் சுட்டுத்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு ஆசையென்றால் என் மேஜை டிராயரில் ஒன்று கிடக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.