வழுக்குப் பாறையில் கால் நிற்க: கேள்வி பதில்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்தில் பாறை ஏறப் பழகுகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பாதிக்கு மேல் கால் வழுக்குவதைப் பற்றித்தான், அதனால் அதற்கே அதிக இடம்.

ஓசூரில் வேலை பார்க்கிறேன் அண்ணா. பெங்களூருவில் செயற்கைச் சுவர் ஏறுற ஜிம்மில் நல்லா ஏறுவேன். ராயக்கோட்டை பக்கம் ஒரு சரிவுப் பாறையில் பத்தடிகூடப் போக முடியலை. கால் வைக்க இடமே இல்லையே?

இடம் இருக்கு தம்பி, யாரும் கலர் அடிச்சு வைக்கலை, அவ்வளவுதான். ஜிம் சுவரில் பிடிகள் வெளியே துருத்திக்கிட்டு நிற்கும். பெருவிரலின் உள்பக்க விளிம்பை அதில் ஊன்றி ஏறுறீங்க, அது எட்ஜிங். நம்ம ஊர் கிரானைட் சரிவில் அந்த மாதிரி விளிம்பு அபூர்வம். முன்பாதத்து ரப்பரை மொத்தமா அழுத்தி, உராய்விலேயே நிற்கணும், இது ஸ்மியரிங். குதிகாலைத் தாழ்த்தினால் ரப்பர் இன்னும் அதிகமாப் பாறையில் படியும். எங்கே வைக்கிறது? சொரசொரப்பான இடம், உள்ளங்கை அளவு குழிவு, சுத்தியிருக்கிற சரிவைவிடக் கொஞ்சமே கொஞ்சம் படுத்த இடம். இதெல்லாம் முழங்காலுக்குக் கீழே இருக்கும், உங்க கண்ணோ தலைக்கு மேலே கைப்பிடியைத் தேடிக்கிட்டு இருக்கும். மழைத்தண்ணி இறங்கின கறுப்புக் கோட்டில் மட்டும் காலை வைக்காதீங்க.

பயத்தில் பாறையோடு ஒட்டிப் படுத்துக்கிறேன். அப்பத்தான் கால் சறுக்குது. ஏன்?

ஒட்டிப் படுத்ததால்தான். உராய்வு இருக்கணும்னா கால் பாறையை அழுத்தணும். நெஞ்சையும் முழங்கையையும் பாறைமேல சாய்ச்சதும் அந்த அழுத்தத்தில் ஒரு பங்கை அவை வாங்கிக்குது. கீழே இழுக்கிற எடை மட்டும் கால்மேலேயே இருக்கு. அப்புறம் சறுக்காம என்ன செய்யும்? இடுப்பை வெளியே தள்ளி, பாதத்துக்கு நேர் மேலே கொண்டுவாங்க. பயமாத்தான் இருக்கும். தரையிலிருந்து ரெண்டடி உயரத்தில், கையை முஷ்டியா மூடிக்கிட்டுப் பக்கவாட்டில் நடந்து பழகுங்க, உடம்பு நம்ப ஆரம்பிக்கும்.

தருமபுரியில் கல்லூரி மாணவி நான். கொஞ்ச நேரம் நின்னாலே கால் தந்தி அடிக்குது அண்ணா.

குதிகால் தூக்கியே இருக்கும், பாருங்க தங்கச்சி. கெண்டைக்கால் தசை ஓயாம இறுகி நிக்குது, கூடவே பயம் வேற. குதிகாலை இறக்குங்க, முழங்காலை நீட்டுங்க, எடையை எலும்பு தாங்கட்டும், மூச்சை மெதுவா விடுங்க. அடுத்த அடி எங்கேன்னு யோசிக்கிறதெல்லாம் அப்புறம்.

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும்னா எது?

சத்தமில்லாம ஏறுறது. கால் பாறையில் படுற சத்தம் உங்க காதுக்கே கேட்கக் கூடாது. கேட்டால் அந்த அடியை எடுத்துட்டுத் திரும்ப வையுங்க. சத்தம் வராம வைக்கணும்னா, கால் பதியுற வரைக்கும் கண்ணை எடுக்க முடியாது, வேகமா வீசவும் முடியாது. பலரும் கடைசி ரெண்டு அங்குலத்தில் பார்வையை மேலே தூக்கிடுறாங்க, கால் அங்கதான் இடம் மாறுது. வைத்தபின் பாதத்தைத் திருகாதீங்க, தேய்க்காதீங்க. பழகினதும் அதே வழியில் இறங்கியும் பாருங்க. இறங்கும்போது கை ஏமாத்த முடியாது.

எந்த ஷூ வாங்கலாம்? (இதைக் கேட்டவர்கள் பல பேர்.)

பிராண்ட் சண்டைக்கு நான் வரலை. முதல் ஜோடி தட்டையா, விரல் மடங்காம, ஆனா முன்னால் காலியிடம் இல்லாம இருக்கட்டும். மென்மையான அடிப்பாகம் சரிவுக்கு நல்லது, விறைப்பானது சின்ன விளிம்புக்கு. நுனி ரப்பர் ஓட்டையாகும் முன்னே அடி மாத்திடணும், விட்டால் மேல்பாகமும் போயிடும். ஏறுமுன் ஈரத்துணியால் அடியைத் துடைங்க. மண்ணோடு ஏறினால் விலை உயர்ந்த ரப்பரும் வீண்.

ஆடு மேய்க்கிற பசங்க வெறுங்காலில் ஏறிடுறாங்களே?

ஏறுறாங்க, நம்மைவிட அழகா! நிமிர்ந்து, கையைத் தொங்கவிட்டு, சின்னச் சின்ன அடியா. ஷூவைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல அந்த அடி அளவைப் பாருங்க. பெரிய அடி எடுத்தால் ஒரு காலில் தள்ளாடும் நேரம் கூடும்.

ஏப்ரல், மே மாதம் பழகலாமா சார்?

விடியற்காலை மட்டும். வெயிலில் காய்ஞ்ச பாறை சாயந்திரமும் சுடும். கை வியர்க்கும், ரப்பரும் இளகி விளிம்பில் நிற்காம நழுவும். நவம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை நமக்கு நல்ல காலம், மழை பெஞ்ச மறுநாள் தவிர.

கிருஷ்ணகிரி கோட்டை மலையில் ஏறிப் பழகலாமா?

படியில் ஏறுங்க, காத்து நல்லா வரும். கிருஷ்ணகிரி கோட்டையும் ராயக்கோட்டைக் கோட்டையும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கு. மதில்மேல கால் வைக்கிறது பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கிற 1958 சட்டப்படி வம்பு. பர்கூர் பக்கம் மல்லப்பாடி மாதிரி, வெள்ளை நிறப் பாறை ஓவியம் இருக்கிற குன்றுகளையும் விட்டுடுங்க. வியர்வை வழுக்காம நாம கையில் பூசுற சாக் பொடியும் வெள்ளை, அப்புறம் எது பழசு எது நேத்து வந்ததுன்னு தெரியாமப் போகும்.

பாறையில் மலைத்தேன் கூடு தொங்கினால்?

வேற பாறை.