ஓடாவியாரிடம் கேளுங்கள்: பழைய யன்னலைக் கழற்றலாமா?

கேள்வி: ஐயா, எங்கட வீடு கல்லடியில், கடற்கரைக்குக் கிட்ட. 1978 சூறாவளிக்குப் பிறகு அப்பா கட்டினது. முதிரை நிலை, தேக்குக் கதவு, இரும்புக் கம்பி. மாரியில் யன்னல்கள் இறுகிப் பூட்டவே முடியாது. இரண்டு யன்னலால் மழைத்தண்ணியும் உள்ளே வருது. எல்லாத்தையும் கழற்றி அலுமினியம் போடச் சொல்லி மகன் நிற்கிறான். மாற்றத்தான் வேணுமா?
– வாசகி, கல்லடி

பதில்: தங்கச்சி, மாரியில் இறுகுதெண்டு யன்னலைக் குறை சொல்லாதீங்க. கார்த்திகை, மார்கழியில் மரம் ஈரம் குடித்து ஊதும். கச்சான் காற்று அடிக்கத் தானாக வற்றும். மாரிக்குள் ஆளைக் கூப்பிட்டுச் சீவினால், ஆடியில் அதே இடைவெளிக்குள்ளால் விரல் போகும். சீவுறதெண்டால் நல்லாக் காய்ந்த பிறகு சீவி, அந்த விளிம்புக்கு அன்றைக்கே பெயின்ட் அடிச்சிடுங்க.

தண்ணி வருகிற இரண்டிலும் பார்க்கவேண்டியது நிலையின் அடிச்சட்டம். அது நிலைக்காலோடு சேரும் மூலையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றால் அழுத்துங்க. பெயின்ட் மட்டும் கீறுப்பட்டால் மரத்துக்கு ஒன்றுமில்லை. பாணுக்குள் போவதுபோல் இறங்கினால் உக்கல். உக்கல் அடிச்சட்டத்தோடு நின்றால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, காய்ந்த முதிரையில் ஒட்டுப்போடலாம். நிலைக்காலிலும் ஏறியிருந்தால், அல்லது தட்டும்போது பொள்ளலாகக் கேட்டுக் கறையான் மண் கொட்டினால், அந்த நிலை போகத்தான் வேணும். அந்த ஒன்று மட்டும். ஒன்று உக்கினதுக்கு வீடு முழுக்கக் கழற்றச் சொல்கிறவர் யன்னல் விற்கிறவராக இருப்பார்!

கம்பியை மறக்காதீங்க. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி துளையைப் பிளந்து, வெடிப்பு மரத்தின் நீளத்துக்கு ஓடும். அதுக்குள்ளால் தண்ணி இறங்கித்தான் கன யன்னல்கள் கெடுகிறது. துருக்கம்பியை எடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்க. பிணைச்சல் பித்தளையெண்டால் ஸ்க்ரூவும் பித்தளையாக இருக்கட்டும். 2004இல் கடல் ஏறின வீடெண்டால், சுவரோடு ஒட்டிய நிலையின் அடிப்பக்கத்தையும் தட்டிப் பாருங்க.

யன்னல் மூலையில் தொடங்கிச் சுவரில் சரிவாக வெடிப்பு ஓடுதா? அது யன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் அல்லது அத்திவாரத்தின் வேலை. புது யன்னல் போட்டாலும் இறுகும். முதலில் மேசனைக் காட்டுங்க.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கு. அலுமினியத்தைக் கறையான் தின்னாது. ஆனால் இழுக்கும் யன்னல் பாதிதான் திறக்கும். கச்சான் வெக்கையில் அந்த மற்றப் பாதியின் அருமை தெரியும். கீழ்த் தண்டவாளத்தில் தண்ணி வடியும் துளைகளைக் கடற்கரை மணல் அடைத்தால், மழைத்தண்ணி அறைக்குள்தான். சாதாரண இரும்பு ஸ்க்ரூவால் பூட்டினால் உப்புக்காற்றில் அதைச் சுற்றி அலுமினியம் அரித்துப்போகும். மாற்றுகிற ஒன்றுக்கு அலுமினியம்தான் எண்டால், இழுக்காமல் வெளியே திறக்கிறதாகக் கேளுங்க.

கேள்வி: கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி உதிருது. புது யன்னல் போடவா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம் தம்பி. பழசைச் சுரண்டி, மரத்துக்கு லின்சீட் எண்ணெய் பூசி, புதுப் புட்டி வையுங்க. மேலே தோல் கட்டின பிறகு பெயின்ட். மாரிக்கு முந்தி முடிச்சிடுங்க.