பேஸ்மென்ற் நிலம் விறைக்கிறதா? கேள்வி பதில்

ரொறன்ரோப் பக்கம் குளிர் தொடங்கியதும் வீடு திருத்துகிற எங்களிடம் எல்லோரும் கேட்பது பேஸ்மென்ற் நிலத்தைப் பற்றித்தான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் தருகிறேன்.

அண்ணை, மகன் கீழே இருந்துதான் படிக்கிறான். இரண்டு சொக்ஸ் போட்டும் கால் விறைக்குதாம். கொங்கிறீற்றுக்கு மேல் தடிப்பான காபெற் போட்டால் காணுமா? (ஸ்காபரோ)

காணாது, தங்கச்சி. அடியில் இருக்கிற மண் கோடையிலும் சூடாவதில்லை. காபெற் போட்டால் அறையின் சூடு கொங்கிறீற்றுக்குப் போவது குறைந்து, அது இன்னும் குளிரும். ஆனால் காற்றிலுள்ள ஈரத்தைக் காபெற் மறிக்காது. ஜூலை மாதப் புழுக்கத்தில் அந்த ஈரம் காபெற்றுக்கு அடியில் போய் வியர்க்கும். போட்டவர்கள் வீட்டில் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள்: பின்பக்கம் கறுத்து, நனைந்த சாக்கு மணம் வரும்.

முதலில் ஈரத்தைப் பாருங்கள். 2 அடிக்கு 2 அடி தெளிந்த பிளாஸ்ரிக் தாளை வெறும் கொங்கிறீற்றில் வைத்து, நாலு ஓரமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் துளி கட்டினால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. கூரைப் பீலித் தண்ணீர் சுவரோரம் கொட்டுகிறதா, முற்றம் வீட்டுப் பக்கம் சரிந்திருக்கிறதா என்று வெளியே போய்ப் பாருங்கள். தாளுக்கு மேலே வியர்த்தால் அது அறைக்காற்றின் ஈரம். அதற்குக் காற்றின் ஈரத்தை எடுக்கிற டீஹியுமிடிபையர் மெஷின் போதும்.

சோதித்தேன், ஈரம் இல்லை. இனி என்ன போடுவது? (மார்க்கம்)

எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை. கடையில் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஆர்-5 தரும் (சூடு கடப்பதை மறிக்கிற அளவுதான் ஆர்; கூடினால் நல்லது). வெடிப்புகளை அடைத்து, பலகைகளை நெருக்கி வைத்து, பொருத்துகளில் ரேப் ஒட்டுங்கள். மேலே அரை அங்குலப் பிளைவூட் இரண்டு அடுக்கு. மேலடுக்கின் பொருத்து கீழடுக்கின் பொருத்தில் வரக்கூடாது. இரண்டையும் ஒன்றோடொன்று ஸ்குறூ பண்ணுங்கள், ஆனால் ஸ்குறூ ஃபோமைத் துளைத்துக் கொங்கிறீற்றுக்குப் போகவேண்டாம். சுவரோரம் அரை அங்குலம் விடுங்கள்.

எல்லாம் சேர்த்து இரண்டு அங்குலம் உயரும். கதவின் அடி வெட்டவேண்டி வரும், படிக்கட்டின் கடைசிப் படி மட்டும் குட்டையாகித் தடக்கும். வாடகைக்கு விடுகிற எண்ணம் இருந்தால் நிலத்திலிருந்து பேஸ்மென்ற் உட்கூரை வரையான உயரத்தை முதலே அளந்துகொள்ளுங்கள், ஒன்ராறியோவில் 1.95 மீற்றர் கேட்பார்கள். நிலத்து வடிகாலை மட்டும் மூடிவிடாதீர்கள்.

அடியில் கறுப்புப் பிளாஸ்ரிக் குமிழ் வைத்த 2 அடிச் சதுரப் பலகை நல்லதா? (பிரம்டன்)

வேலை சுலபம். குமிழ் இடைவெளியால் கொஞ்ச ஈரம் காய்ந்துவிடும். ஆனால் குளிரை மறிப்பது குறைவு. வாங்குவதென்றால் ஃபோம் ஒட்டியதை வாங்குங்கள்.

மரச்சட்டம் அடித்து, இடையில் பைபர்கிளாஸ் பஞ்சு வைக்கலாமா?

வேண்டாம். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும், சட்டம் உக்கும்.

இதெல்லாம் செய்தால் வீட்டைச் சூடாக்குகிற காஸ் பில் குறையுமா, தம்பி? (ஏஜக்ஸ்)

நிலத்தால் பெரிதாகக் குறையாது, அக்கா. காலுக்குச் சுகம், அவ்வளவுதான். பில்லைக் கூட்டுவது பேஸ்மென்ற் சுவரின் உச்சி. கொங்கிறீற் முடிந்து மேல்மாடி மரம் உட்காருகிற விளிம்பில், காற்றடிக்கிற ஜனவரி நாளில் கையை வைத்துப் பாருங்கள். வீட்டுச் சூடு மேலே ஏறிக் கூரை வழியாகப் போக, அந்த இடத்தைக் குளிர்காற்று கீழிருந்து நிரப்பும். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால், நான் அந்த விளிம்புக்கு ஸ்பிறே ஃபோம் அடிக்கத்தான் சொல்வேன். அடுத்தது சுவர். நிலம் அதற்கு அப்புறம்.

பழைய வீடு, 9 அங்குலச் சதுர ரைல்ஸ் ஒட்டியிருக்கிறது. கிளப்பிவிட்டுத் தொடங்கட்டுமா?

கிளப்பவேண்டாம். அந்த அளவு ரைல்ஸிலும் அதன் கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்ரஸ் (தூளாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கிற நார்) இருக்கலாம். ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சோதியுங்கள். அஸ்பெஸ்ரஸ் இருந்தாலும், ரைல்ஸ் உடையாமல் இறுக்கமாக இருக்கிறதென்றால் அதன் மேலேயே ஃபோமை விரிக்கலாம்.