வாத்தியார் பதில்கள்: மொடக்குறிச்சிக் கடிதங்கள்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே மொடக்குறிச்சியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கே இத்தனை கடிதங்கள். இந்த வாரம் முழுக்க அந்தத் தொகுதிக்கே ஒதுக்கிவிட்டேன். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அச்சுப்பிழையா?
ச. வி., கோபிசெட்டிபாளையம்

பிழை இல்லை தம்பி. 1996 சட்டமன்றத் தேர்தல், ஈரோடு மாவட்டம், மொடக்குறிச்சி. ஆயிரத்து முப்பத்து மூன்று வேட்பாளர்கள். இந்தியாவில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் அதற்கு முன்பும் பின்பும் அத்தனை பேர் நின்றதில்லை.

விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் செய்த வேலை அது. மனு கொடுத்தாயிற்று, மறியல் பண்ணியாயிற்று, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, நாமே நிற்போம் என்று கிளம்பிவிட்டார்கள். அப்போது டெபாசிட் 250 ரூபாய்தான். முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும். ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை லட்சம் ரூபாய் வருகிறது. அந்தச் செலவில் நாடு முழுக்க இந்த ஊர்ப் பெயரைச் சொல்ல வைத்தார்களே, அதை நான் கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்வேன்.

அத்தனை பெயரையும் எப்படி ஒரு வாக்குச்சீட்டில் அடித்தார்கள்?
மு. க., அவல்பூந்துறை

ஒரு சீட்டில் அடிக்கவில்லை. புத்தகமாகத் தைத்துக் கொடுத்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு வாக்குச்சீட்டே தெரியாது என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

அந்தத் தேர்தலில் நான் பக்கத்துத் தொகுதி ஒன்றில் வாக்குச்சாவடிப் பணியில் இருந்தேன். எங்களுக்கு இரண்டு சீட்டு. நாடாளுமன்றத்துக்கு வெள்ளை, சட்டமன்றத்துக்கு ரோஸ். மறைவிடத்துக்குள் போய் ரப்பர் முத்திரையை மையில் தொட்டு, சின்னத்துக்கு நேராகக் குத்த வேண்டும். அப்புறம்தான் வில்லங்கமே. சீட்டை முதலில் நெடுக்குவாட்டில் மடிக்கணும், பிறகுதான் குறுக்கே. குறுக்காக முதலில் மடித்தால் ஈர மை எதிரில் உள்ள இன்னொரு சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும், ஓட்டு யாருக்கு என்று எண்ணும்போது தகராறு வரும். "பாட்டி, நீளவாக்குல மடிங்க, நீளவாக்குல" என்று அன்று சாயங்காலத்துக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒற்றைச் சீட்டுக்கே இந்தப் பாடு. மொடக்குறிச்சியில் ஒரு வாக்காளர் கையில் ஒரு புத்தகம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இப்போது அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் பட்டியலில் மேலே வந்துவிடுகிறார்கள், சுயேச்சைகள் கடைசியில். 1996 தேர்தல் வரை அந்த ஏற்பாடு கிடையாது. எல்லோரும் ஒரே அகரவரிசையில் கலந்துதான் இருப்பார்கள். உதயசூரியனுக்கோ இரட்டை இலைக்கோ குத்த நினைத்தவர், ஊர்ப்பட்ட சுயேச்சைகளுக்கு நடுவில் தேடிப் பிடிக்க வேண்டும். கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த பெரியவரை நினைத்துப் பாருங்கள்.

அப்படித் தேடியும் ஜனங்கள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவர் அ.தி.மு.க.வின் கிட்டுசாமி.

அந்தத் தேர்தலில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லையாமே! அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லையா? பெண்டாட்டிகூடவா போடவில்லை?
ரா. சு., பெருந்துறை

88 என்பது உண்மை. சிரிக்கிறதுக்கு முன்னால் ஒரு சட்டத்தைச் சொல்கிறேன். சட்டமன்றத்துக்கு நிற்பவர் இந்த மாநிலத்தில் எந்தத் தொகுதியின் வாக்காளராகவும் இருக்கலாம். பெயர் வேறு தொகுதிப் பட்டியலில் இருந்தால், அவர் நின்ற இடத்தில் அவருக்கே ஓட்டுக் கிடையாது, பெண்டாட்டிக்கும் கிடையாது. உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். மனுத் தாக்கல் பண்ணியது எதிர்ப்பைக் காட்ட. ஓட்டு என்று வரும்போது வழக்கமான சின்னத்துக்கே குத்தியிருப்பார்கள். எங்கள் பக்கத்து விவசாயி இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

இப்போது நானும் நூறு நண்பர்களும் எங்கள் ஊர் ரோட்டுக்காக அதே மாதிரி நிற்கலாமா?
பெயர் வேண்டாம், சிவகிரி

நிற்கலாம், பணம் இருந்தால். மொடக்குறிச்சி கொடுத்த அதிர்ச்சி அடங்குவதற்குள், அதே 1996-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நாடாளுமன்றத் தொகுதிகளிலும் அந்த வருடம் இதே கதைதான். நல்கொண்டாவில் 480 பேர், பெல்காமில் 456 பேர். திருத்தத்தில் சட்டமன்ற டெபாசிட் 250-லிருந்து ஒரே தாவாக 5,000 ஆனது. சுயேச்சைக்குப் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும் என்றும் வந்தது. பிறகு 10,000 ஆக்கினார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அதில் பாதி. செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. ஆக, உங்கள் நூற்றியோரு பேருக்குப் பத்து லட்சத்து பத்தாயிரம். அதை வைத்து ரோட்டில் பாதியை நீங்களே போட்டுவிடலாம்.

ஆயிரம் பேர் நின்றால் அச்சகத்துக்குக் கஷ்டம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அவர்கள் ஏன் நின்றார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, இனி நிற்க முடியாமல் பண்ணியதில் எனக்குச் சம்மதமில்லை.

மின்னணு எந்திரத்தில் 1,033 பேர் நின்றால்?
த. பி., கொடுமுடி

இப்போதுள்ள எம்-3 எந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 384 பெயர்தான் கொள்ளும். அதைத் தாண்டினால் மறுபடி வாக்குச்சீட்டுதான்.

மொடக்குறிச்சிக்கு ஒரு தம்பி உண்டு, தெரியுமா? தெலங்கானாவில் நிஜாமாபாத். உங்களைப் போலவே மஞ்சள் விளைகிற சீமை. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே 185 பேர் நின்றார்கள், பெரும்பாலோர் மஞ்சள், சோள விவசாயிகள். பொத்தான் வைத்த ஒரு பெட்டிக்குப் பதினாறு பெயர் என்பதால் ஒவ்வொரு சாவடியிலும் பன்னிரண்டு பெட்டிகளை வரிசையாக அடுக்க வேண்டியிருந்தது. அப்போதைய முதலமைச்சரின் மகள் கவிதா தோற்றார். மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பா.ஜ.க.வின் அரவிந்த் ஜெயித்தார். வாரியம் 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் திறக்கப்பட்டது. ஆறு வருடம் ஆனாலும் வந்ததா இல்லையா!

சுப்புலட்சுமி ஜெகதீசனுக்கு மொடக்குறிச்சி ராசியான தொகுதியா?
க. ஈ., அறச்சலூர்

ஏற்றிவிட்டதும் அதுதான், இறக்கிவிட்டதும் அதுதான் அம்மிணி. 1977-ல் அங்கே ஜெயித்தபோது அவர் அ.தி.மு.க. எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் கைத்தறி அமைச்சர் ஆனார். அப்புறம் தி.மு.க.வுக்கு வந்தார். 1989-ல் ஈரோட்டிலிருந்து ஜெயித்து கருணாநிதி அமைச்சரவையில் சமூக நலத் துறை. 1996-ல் ஆயிரம் பேருக்கு நடுவே மறுபடி மொடக்குறிச்சி. 2004-ல் திருச்செங்கோடு நாடாளுமன்றத் தொகுதியில் எடப்பாடி பழனிசாமியைத் தோற்கடித்து மத்திய இணை அமைச்சர்.

2021-ல் மறுபடி மொடக்குறிச்சியில் நின்றார். எதிரில் பா.ஜ.க.வின் டாக்டர் சரஸ்வதி. வித்தியாசம் 281 ஓட்டு. 1996-ல் 1,032 பேரைத் தாண்டி வந்தவர், இந்த 281-ஐத் தாண்ட முடியவில்லை. அடுத்த வருடமே கட்சியை விட்டும் விலகிவிட்டார்.

வாத்தியார் 1996-ல் யாருக்கு ஓட்டுப் போட்டார்?
ந. செ., காங்கேயம்

யாருக்கும் இல்லை. தேர்தல் பணி என்பதால் தபால் ஓட்டு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். ரிசல்ட் எல்லாம் வந்து, புது மந்திரிகள் பதவியேற்று, பள்ளிக்கூடமும் திறந்த பிறகு ஒருநாள் தபால்காரர் கூப்பிட்டுக் கொடுத்தார். பிரித்தால் உள்ளே ரோஸ் சீட்டு. இன்னும் என் பீரோவில் இருக்கிறது, நெடுக்குவாட்டில் மடித்தபடி.